நூறு மில்லிவாட்டின் கதை

போன வருசம் ஒரு ராத்திரி நாங்கள் நாலு பேர் சேர்ந்து எங்கட ரவுட்டரை அமெரிக்காவுக்கு அனுப்பினோம். ரவுட்டர் அசையவில்லை. திருகோணமலை உள்துறைமுகத்துக்குக் கிட்ட, ஒரு ஒழுங்கை வீட்டின் அலுமாரிக்கு மேலேதான் இருந்தது. அதன் அமைப்புப் பக்கத்தில் 'நாடு' என்ற இடத்தில் இலங்கையை எடுத்துவிட்டு அமெரிக்காவைப் போட்டோம், அவ்வளவுதான். அப்படிப் போட்டால் அலையின் வலு கூடும், வைஃபை பின் அறை வரைக்கும் போகும் எண்டு யூடியூப்பில் ஒருவர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தார்.

போனில் ஒரு கோடு கூடினது உண்மை. ஆனால் பின் அறையில் ஸூம் வகுப்பு முந்தி மாதிரியே அறுந்து அறுந்துதான் வந்தது.

அதே கிழமை பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் கேட்டா: "தம்பி, உங்கட வைஃபை எங்கட சுவரைத் தாண்டி வருதெல்லே? பிள்ளை அந்தச் சுவரோடதான் படுக்கிறது. கதிர் ஒண்டும் செய்யாதே?" நாங்கள் கூட்டப் பார்த்ததை அக்கா குறைக்கச் சொன்னா. அக்காவும் சரி, நாங்களும் சரி, ஒரே எண்ணத்தில்தான் இருந்தோம்: ரவுட்டருக்கு ஒரு வலு எல்லை இருக்கிறதெண்டால் அது மனிச உடம்பைக் காப்பாற்றத்தான் இருக்க வேண்டும். அந்த எண்ணம் பெரும்பாலும் பிழை எண்டு பிறகுதான் விளங்கியது. எங்கட ரவுட்டர் பெட்டியில் 20 டிபிஎம் எண்டு போட்டிருந்தது. அது 100 மில்லிவாட், அதாவது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு. இந்த எண்ணை யார், எதற்காக வைத்தார்கள் எண்டு தேடப்போய், வரலாறு சுத்திச் சுத்தி எங்கட மாவட்டத்துக்குள்ளேயே வந்து நிண்டது.

இந்தத் தீவில் வானலை போர்ப் பொருளாகத்தான் கரையேறியது. 1920களில் கொழும்புத் தந்தி அலுவலகத்தில் தலைமைப் பொறியியலாளராக இருந்த எட்வேர்ட் ஹார்ப்பர், கைப்பற்றப்பட்ட ஒரு ஜேர்மன் நீர்மூழ்கியின் வானொலிப் பாகங்களை வைத்து ஒலிபரப்புக் கருவி கட்டினார். 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி தொடங்கியது. பதினாறு வருசம் கழித்து அலை எங்கட ஊருக்கு வேறு வேலையாக வந்தது. 1942 ஏப்ரல் 9 காலை ஏழு மணி கடந்து சில நிமிடங்களில், திருகோணமலையில் இருந்த பிரித்தானிய ராடார் நிலையம், ஏறத்தாழ 90 மைல் தூரத்தில் யப்பானிய விமானங்கள் வருவதைக் கண்டுபிடித்தது. நாலு நாளுக்கு முந்தி கொழும்பு தாக்கப்பட்டபோது அப்படியொரு முன்னறிவிப்புக் கிடைக்கவில்லை. திருகோணமலைத் துறைமுகத்தில் இருந்த கப்பல்கள் முதல் நாள் இரவே வெளியே அனுப்பப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்றான விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் அன்றைக்கே மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. எண்ணெய்க் குதங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இந்தக் கதையை வழிகாட்டிகள் சொல்லுவினம், ராடாரைத்தான் விட்டுவிடுவினம்.

ராடாரின் வேலை எளிது: பலமாகக் கத்து, எதிரொலியைக் கேள். அது வலுவை வேண்டிய தொழில். 1940இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ரண்டலும் பூட்டும் செய்த மக்னெட்ரோன் குழாய், சின்னக் கருவியில் இருந்து பெரிய வலுவை, சென்ரிமீற்றர் அளவு அலையில் வெளியே கொண்டுவந்தது. அந்த வருசமே அது அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப்பட்டது. அங்கே ரேதியன் நிறுவனத்தில் மக்னெட்ரோன் செய்துகொண்டிருந்த பேர்சி ஸ்பென்ஸர் அதே குழாயால் சாப்பாட்டையும் சூடாக்கலாம் எண்டு கண்டார். போர் முடிந்ததும் மைக்ரோவேவ் அடுப்பு வந்தது. 1947இல் அத்லாந்திக் சிட்டியில் கூடிய சர்வதேசத் தொலைத்தொடர்பு மாநாடு, கைத்தொழில், விஞ்ஞான, மருத்துவக் கருவிகளுக்கெண்டு சில அலைவரிசைகளை ஒதுக்கியது. 2450 மெகாஹேர்ட்ஸைச் சுற்றியுள்ள பகுதி அதில் ஒன்று. அங்கே யாராவது கதைக்க வந்தால் அடுப்புகளின் இரைச்சலைச் சகித்துக்கொள்ள வேண்டும், முறைப்பாடு செய்ய ஏலாது. ஊரில் குப்பை கொட்டுற காணி மாதிரி.

எங்கட வைஃபை அந்தக் காணியில்தான் குடியிருக்குது.

அது எப்படி எண்டால், 1985 மே 9ஆம் திகதி அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு எடுத்த ஒரு தீர்மானம். மைக்கேல் மார்க்கஸ் என்ற பொறியியலாளர் அங்கே சில வருசமாக ஒரு யோசனையைத் தள்ளிக்கொண்டிருந்தார். இராணுவம் பயன்படுத்திய 'பரவல் அலை' முறையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடலாம், ஆளாளுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டாம் என்பது அது. அடுப்புகளுக்கு ஒதுக்கிய வரிசைகளில், ஒரு வாட்டுக்கு மேல் போகாமல் யாரும் பாவிக்கலாம் எண்டு முடிவானது. (இந்த இடத்தில் எல்லாக் காணொளிகளும் நடிகை ஹெடி லமாரைக் கொண்டுவந்து 'வைஃபையைக் கண்டுபிடித்தவர்' என்பினம். அவரும் இசையமைப்பாளர் ஜோர்ஜ் அந்தெய்லும் 1942இல் அலை தாவும் முறைக்குக் காப்புரிமை பெற்றது உண்மை, அது டோர்பிடோக்களை வழிநடத்த. அந்தக் காப்புரிமையில் இருந்து எங்கட ரவுட்டருக்கு நேர்க்கோடு போட ஏலாது.) வைஃபைக்கான 802.11 தரம் 1997இல் வந்தது. ஐரோப்பா அதே 2.4 கிகாஹேர்ட்ஸ் வரிசையில் அமெரிக்காவை விட இறுக்கமாக, அன்டெனாவின் பலத்தையும் சேர்த்து 100 மில்லிவாட் எண்டு நிறுத்தியது. இந்தியா 2005 ஜனவரியில் அந்த வரிசைக்கு அனுமதிப்பத்திரத்தை நீக்கியது. அங்கே கருவிக்கு ஒரு வாட், அன்டெனாவோடு 4 வாட்.

ஒரே அலை, ஒரே மனிச உடம்பு, நாட்டுக்கு நாடு நாற்பது மடங்கு வித்தியாசம். இதைப் பார்த்த உடனேயே எங்களுக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

உடம்புக்கான எல்லை வேறு கணக்கு. அயனாக்காக் கதிர்ப்பாதுகாப்புக்கான சர்வதேச ஆணைக்குழு 1998இல் வெளியிட்டு 2020இல் புதுப்பித்த வழிகாட்டலில், இந்த வரிசையில் பொதுமக்களுக்கான அளவு சதுர மீற்றருக்கு 10 வாட். உடம்பைச் சூடாக்கித் தீங்கு செய்யத் தொடங்கும் அளவில் இருந்து ஐம்பது மடங்கு கீழே இறங்கி வைத்த எண் அது. இப்ப அக்காவின் சுவரைக் கணக்குப் பார்ப்பம். 100 மில்லிவாட் ரவுட்டரில் இருந்து ஒரு மீற்றர் தள்ளி, சுவர் எதையும் உறிஞ்சாது எண்டே வைத்தாலும், சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 0.008 வாட். எல்லையில் ஆயிரத்தில் ஒரு பங்கும் இல்லை. நாலு வாட் எண்டாலும் 0.32 வாட், முப்பதில் ஒரு பங்கு. ஆக உடம்பு மட்டும்தான் கவலை எண்டால், சட்டம் நாலு வாட்டையும் எல்லா இடமும் விட்டிருக்கும். 2011இல் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் வானலைகளை 'சாத்தியம் இருக்கலாம்' என்ற 2பி வகையில் போட்டதையும் சொல்லத்தான் வேண்டும். அதற்குக் காரணமானவை பெரும்பாலும் காதோடு போனை ஒட்டிக் கதைப்பது பற்றிய ஆய்வுகள், சுவருக்கு அங்கால இருக்கிற ரவுட்டர் இல்லை.

அப்ப 100 மில்லிவாட் யாரைக் காப்பாற்றுது? பக்கத்து வீட்டுக்காரரின் வைஃபையை.

2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றோடொன்று முட்டாத தடங்கள் மூன்றுதான்: 1, 6, 11. எங்கட ஒழுங்கையில் இருபது வீடு. ஒவ்வொரு ரவுட்டரும் பேச முந்திக் காது கொடுக்கும், யாராவது கதைத்துக்கொண்டிருந்தால் பொறுக்கும். நாங்கள் சத்தத்தைக் கூட்டினால் இன்னும் பத்து வீடு எங்களுக்காகப் பொறுக்க வேண்டி வரும். கோயில் திருவிழா ஒலிபெருக்கிதான் சரியான உவமை. 2007 நவம்பரில் இலங்கை உயர் நீதிமன்றம், இரவு 10 மணி தொடக்கம் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது எண்டு தீர்த்தது. காது செவிடாகும் என்பது அல்ல அங்கே பிரச்சினை. மற்றவனும் அதே காற்றில்தான் சீவிக்கிறான் என்பதுதான்.

எங்கட ஸூம் வகுப்பு ஏன் திருந்தவில்லை என்பதற்கும் இதுதான் விடை. ரவுட்டர் கத்தினால் போனுக்குக் கேட்கும், அதுதான் கோடு கூடினது. ஆனால் போன் திருப்பிச் சொல்லுற பதில் அதே மெல்லிய குரல்தானே. பத்து மடங்கு வலு கொடுத்தாலும் வெட்டவெளியில்கூட தூரம் மூன்று மடங்குதான் கூடும். சீமெந்துச் சுவருக்குள் அதுவும் இல்லை.

இவ்வளவு எளிய விசயம் எங்களுக்கு ஏன் பிடிபடவில்லை? இந்த மாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அலை எண்டால் பெரிய குரல்தான். 1980களில் ஜேர்மனியின் டொய்ச்ச வெலே நகருக்கு வடக்கே பேர்க்காரவில் அஞ்சல் நிலையம் வைத்தது. அங்கிருந்த சிற்றலை ஒலிபரப்பிகள் ஒவ்வொன்றும் 250 கிலோவாட். எங்கட ரவுட்டரைப் போல இருபத்தைந்து இலட்சம் மடங்கு. அந்த அளவு வலுவுக்குப் பக்கத்தில் வேலி போடுவது உண்மையாகவே உடம்புக்காக. 2010களில் அந்த நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் போனது. அதற்கும் முந்தி, மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைப் பீடம் படையினருக்காக ஏக்கலையில் நிறுவிய 100 கிலோவாட் கருவியின் பலத்தில்தான் ரேடியோ சிலோன் தமிழ்நாட்டுச் சமையலறைகள் வரை போனது. அந்தப் பெரிய குரலை நாங்கள் குறை சொல்ல மாட்டோம், அது தந்த பாட்டுகள் எங்கட அம்மம்மாவுக்கு இன்னும் மனப்பாடம். ஆனால் அந்த முறையில் ஒருவர் கதைப்பார், இலட்சம் பேர் கேட்பினம்.

போர்க்காலம் இதை இன்னும் இறுக்கியது. எங்கட அப்பா அம்மாவின் தலைமுறைக்கு, அன்டெனா வைத்த எந்தப் பெட்டியும் சோதனைச் சாவடியில் விளக்கம் சொல்ல வேண்டிய பொருள். தெற்காசியாவின் முதல் செல்பேசிச் சேவை 1989இலேயே கொழும்பில் தொடங்கியது. இந்தப் பக்கம் பலர் முதல் செல்பேசியைக் கையில் எடுத்தது 2002 யுத்தநிறுத்தத்துக்குப் பிறகு. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டமும், அதை 1996இல் திருத்தி உருவான தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் அனுமதியில் இருந்துதான் தொடங்குகின்றன: அலை அரசின் பொறுப்பு, கேட்டுத்தான் பாவிக்க வேண்டும். அப்படியான இடத்தில், யாரையும் கேட்காமல் கதைக்கலாம், ஆனால் மெல்லக் கதை என்ற ஏற்பாடு எவ்வளவு அபூர்வம் எண்டு யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களும் கிடைத்த உரிமையைப் பார்க்காமல், எல்லையை மட்டும் ஏதோ தடை மாதிரிப் பார்த்தோம்.

மெல்லக் கதைத்தே தூரம் போகலாம் என்பதற்குத் தேனி நல்ல சாட்சி. 2000களின் நடுவில் அரவிந்த் கண் மருத்துவமனையும் பெர்க்லி கலிபோர்னியாப் பல்கலைக்கழகக் குழுவொன்றும் சேர்ந்து, தேனி மருத்துவமனையைச் சுற்றியுள்ள சிறு ஊர்களின் கண் மையங்களோடு சாதாரண வைஃபை சிப்புகளால் இணைத்தன. சில இணைப்புகள் பத்துக் கிலோமீற்றருக்கும் மேல். நோயாளி தன் ஊரிலேயே இருந்து மருத்துவரோடு காணொளியில் கதைத்தார். வலுவைக் கூட்டி அதைச் செய்யவில்லை. கோபுரத்தில் ஒரே திசை நோக்கும் அன்டெனா வைத்து, குரலை அங்குமிங்கும் சிதறவிடாமல் அனுப்பினார்கள். பிறகு வேறொரு சிக்கல். தூரத்தால் பதில் பிந்தி வர, 'கேட்கவில்லைப் போல' எண்டு கருவி திரும்பத் திரும்பச் சொன்னது. அதனால் மென்பொருளை மாற்றி, இன்ன நேரம் நீ, இன்ன நேரம் நான் எண்டு முறை வைத்தார்கள்.

துறைமுகக்காரர் கட்டாயம் அறிய வேண்டிய ஒன்று மிச்சம் இருக்குது. 5 கிகாஹேர்ட்ஸ் வரிசையில் ஒரு பகுதியை வைஃபை ராடார்களோடு பங்குபோடுகிறது. 2003 உலக வானொலி மாநாடு அதற்கு நிபந்தனை வைத்தது: ராடார் கேட்டால் விலகிப் போ. வழக்கமான விதிப்படி, ரவுட்டர் அந்தத் தடத்தில் பேச முந்தி ஒரு நிமிசம் காது கொடுக்க வேண்டும். ராடார் வந்தால் பத்துச் செக்கனுக்குள் தடம் மாறி, அரை மணித்தியாலம் அந்தப் பக்கம் போகக் கூடாது. எந்தத் தடத்தில் இப்படிக் காது கொடுக்க வேண்டும் என்பதையும் ரவுட்டர் அந்த 'நாடு' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துத்தான் முடிவு செய்யுது. 2009இல் புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில், விமான நிலையத்தின் காலநிலை ராடார் திரையில் கோடு கோடாக இரைச்சல் விழ, காரணத்தைத் தேடிப் போனவர்கள் வெளியே கட்டியிருந்த 5 கிகாஹேர்ட்ஸ் இணையக் கருவிகளைத்தான் கண்டார்கள். புயல் நேரத்தில் காலநிலை ராடாரின் கண் மங்கினால் என்ன நடக்கும் எண்டு, 2020 டிசம்பரில் புரெவி கரையேறிய ஊர்க்காரருக்கு நாங்கள் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

நாங்கள் நாட்டை இலங்கைக்கு மாற்றினோம். ரவுட்டரை அலுமாரியில் இருந்து இறக்கி நடு விறாந்தைச் சுவரில், கதவு நிலைக்கு மேல் ஆணியடித்து மாட்டினோம். தடத்தை 6இல் இருந்து 11க்கு மாற்றினோம். பின் அறையில் வகுப்பு இப்ப அறுகிறதில்லை. அக்காவுக்குக் கணக்கையும் எழுதிக் காட்டினோம். அவ கவனமாகத்தான் கேட்டா, எண்டாலும் தங்கட வீட்டு ரவுட்டரை இரவு பத்து மணிக்கு நிப்பாட்டுறதை விடவில்லை. நாங்களும் ஒண்டும் சொல்லுறதில்லை, அந்த நேரம் எங்கட வேகம் கொஞ்சம் கூடுது.