சும்மா ஒரு சுற்று

காரைக்காலில் மேடு என்று சொல்ல ஆற்றுப் பாலங்களை விட்டால் வேறொன்றும் இல்லை. அரசலாற்றுப் பாலத்தில் ஏறும்போது மட்டும் பெடலைக் கொஞ்சம் அழுத்த வேண்டும். மாவட்டம் முழுவதும் சேர்த்தே சுமார் 160 சதுர கிலோமீட்டர்தான். கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. நகரத்திலிருந்து எந்தத் திசையில் மிதித்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் எல்லை வந்துவிடும். சைக்கிளுக்கென்றே பாய் விரித்த மாதிரி நிலம்.

இந்த நிலத்தில் சைக்கிளில் போகும் பெண்களை நான் கவனித்துப் பார்ப்பதுண்டு. கேரியரிலோ ஹேண்டில்பாரிலோ ஏதாவது ஒன்று இருக்கும். புத்தகப் பை, தூக்குச்சட்டி, ரேஷன் அரிசி, புல்லுக்கட்டு, இல்லாவிட்டால் ஒரு குழந்தை. வெறும் சைக்கிளில் வெறுமனே போகிற பெண்ணைப் பார்ப்பது அபூர்வம். பையன்கள் அப்படித்தான் போகிறார்கள். "எங்கடா போயிட்டு வர்ற?" என்று கேட்டால் "சும்மாதான்" என்கிறார்கள். கேட்டவர் அதோடு விட்டுவிடுகிறார். அந்த ஒற்றைச் சொல்லை ஒரு பெண் பதிலாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் நுழைய முடியுமா?

சைக்கிள் பெண்களுக்கு விடுதலை தந்தது என்று எழுதுகிறோம். தந்தது உண்மைதான். ஆனால் பெண் கையில் சைக்கிள் வந்த ஒவ்வொரு முறையும் கூடவே ஒரு காரணச் சீட்டும் ஒட்டப்பட்டே வந்தது. அந்தச் சீட்டின் வரலாறுதான் இந்தக் கட்டுரை.

காரணம் சொல்லாமல், துணையில்லாமல், நெடுந்தூரம் போன பெண் நம் ஊரில் யார் என்று யோசித்தால் முதலில் வருகிறவர் காரைக்கால் அம்மையார். புனிதவதி வணிகக் குடும்பத்துப் பெண். மாங்கனி விஷயத்தில் அவளுடைய ஆற்றலைக் கண்டு மிரண்ட பரமதத்தன் கப்பலேறிப் போய், பாண்டி நாட்டில் வேறொரு பெண்ணை மணந்து வாழ்ந்தான். அவனுக்குப் பயணம் போக வாணிபம் என்ற காரணம் இருந்தது. அதைக் கேட்டு யாரும் மறிக்கவில்லை. புனிதவதியை உறவினர்தான் பல்லக்கில் ஏற்றி அவனிடம் கொண்டுபோய் விட்டார்கள். அவன் அவள் காலில் விழுந்து, இவள் பெண் அல்ல, தெய்வம் என்று ஒதுங்கிக்கொண்டான். அதன் பிறகுதான் அவள் தனியாக நடக்கிறாள், கயிலை மலை வரைக்கும். பெரியபுராணம் சொல்லும் வரிசையைக் கவனியுங்கள். புறப்படும் முன் உடம்பின் தசையை உதறி, பேய் உருவம் கேட்டு வாங்கிக்கொள்கிறாள். வழியில் பார்த்தவர்கள் அஞ்சி ஓடுகிறார்கள். அவளுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. மலையைக் காலால் மிதிக்காமல் தலையால் ஏறுகிறாள்.

பக்தி நூலாக இதைப் படிக்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஆண்டுதோறும் ஆனி மாதம் மாங்கனித் திருவிழாக் கூட்டத்தில் நிற்கும்போதெல்லாம் எனக்கு இது தோன்றும்: ஒரு பெண் தனியே பாதையில் இறங்க, பெண்ணுடம்பு என்று மற்றவர்கள் எதைப் பார்க்கிறார்களோ அதையே கழற்றிப் போட வேண்டியிருந்தது.

சக்கரத்துக்கு வருவோம். இரண்டு சக்கரமும் ஒரே அளவில், சங்கிலியால் ஓடும் ரோவர் சைக்கிளை 1885இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி செய்தார். 1888இல் டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்தது. பாவாடை கட்டிய பெண்ணும் ஏறி ஓட்டலாம் என்றானது அப்போதுதான். உடனே மருத்துவர்கள் சிலர் சைக்கிள் ஓட்டும் பெண்ணின் முகம் இறுகிக் கோணிப்போகும் என்று எச்சரித்தார்கள். அந்த 'நோய்க்கு' சைக்கிள் முகம் என்று பெயரே வைத்தார்கள். அமெரிக்காவில் சூசன் பி. ஆண்டனி 1896இல், உலகில் வேறு எதையும்விடப் பெண் விடுதலைக்கு அதிகம் உதவியது சைக்கிள்தான் என்ற பொருளில் பேசினார்.

ஊர் சுற்றிப் பார்ப்பதற்கென்றே சைக்கிளில் நம் பக்கம் வந்த ஒரு பெண்ணும் அந்தக் காலத்தில் உண்டு. ஃபேனி புல்லக் வொர்க்மேன். அமெரிக்கர், மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்தவரின் மகள். அல்ஜீரியாவையும் ஸ்பெயினையும் சைக்கிளில் சுற்றிய பின், 1897 வாக்கில் கணவரோடு இலங்கையில் இறங்கி, பிறகு இந்தியாவின் தெற்கிலிருந்து வடக்கு வரை கோயில்களைப் பார்த்துக்கொண்டே மிதித்தார். 1904இல் வந்த அவர்களுடைய புத்தகத்தின் தலைப்பே பதினாலாயிரம் மைல் என்று கணக்குச் சொல்கிறது. பின்னாளில் 1912இல் காரகோரம் பனிமலையில், பெண்களுக்கு வாக்குரிமை கேட்கும் பத்திரிகையை விரித்துப் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டவர் இவர்தான். தைரியசாலி, சந்தேகமில்லை. ஆனால் அவருடைய 'சும்மா'வுக்குப் பின்னால் தகப்பன் வீட்டுச் சொத்தும், வெள்ளைக்காரத் தோலும், இந்த நாட்டை ஆண்ட பேரரசும் இருந்தன. அவர் கடந்து போன வயல்களில் குனிந்து நாற்று நட்டவர்களுக்குச் சைக்கிள் வர இன்னும் தொண்ணூறு ஆண்டுகள் பிடித்தன.

அது வந்த இடம் புதுக்கோட்டை. காரைக்காலிலிருந்து பார்த்தால் தஞ்சாவூரைத் தாண்டி, காவிரித் தண்ணீர் பெரும்பாலும் எட்டாத வறண்ட மாவட்டம். 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவுத் திட்டத்துக்குள் சைக்கிளையும் ஒரு பாடமாகச் சேர்த்தார்கள். கற்றுக்கொடுக்க வரும் பெண் தொண்டர்கள் ஊர் ஊராகப் போக வேண்டும், பஸ்ஸோ நாளைக்கு இரண்டு தடவைதான். காரணம் தெளிவாக இருந்தது, அதனால் அனுமதியும் கிடைத்தது.

ஆனால் நடந்தது காரணத்தைத் தாண்டிப் போய்விட்டது. கல்குவாரித் தொழிலாளிகள், வயல் வேலைக்குப் போகிறவர்கள், கிராமச் செவிலியர், அங்கன்வாடி ஊழியர்கள், கல் பட்டை தீட்டுகிறவர்கள், இஸ்லாமியக் குடும்பத்து இளம்பெண்கள் என்று ஆயிரக்கணக்கானோர் ஏறினார்கள். 1992 மகளிர் தினத்தை ஒட்டி 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அங்கே போய் எழுதிய கட்டுரையின்படி, 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் பொது இடங்களில் நடந்த போட்டிகளில் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு வந்தபோது குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். சிலர் அதுதான் வசதி என்றார்களாம், கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால். ஏளனமும் ஆபாசப் பேச்சும் தாராளமாகக் கிடைத்தன. தகப்பன், அண்ணன், புருஷன் கொண்டுபோய் விட்டால்தான் உண்டு என்றிருந்தவர்கள் அதை மதிக்கவில்லை.

சாய்நாத்தின் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள், தொண்டரும் அல்ல, வியாபாரியும் அல்ல. ஒரு பள்ளி ஆசிரியை. 1,200 ரூபாய்க்கு மேல் கொடுத்துச் சைக்கிள் வாங்க அவருக்கு அப்போது வசதியில்லை. அதனால் தினமும் சாயங்காலம் அரை மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார். தண்ணீர் கொண்டுவரவில்லை, யாருக்கும் பாடம் சொல்லப் போகவில்லை. காசு கொடுத்து அரை மணி நேரம் சும்மா ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார். சைக்கிளால் வந்த வருமானத்தை மட்டும் பேசுவது தவறு, சுயமரியாதைதான் முக்கியம் என்று சாய்நாத்தும் எழுதினார்.

அரசாங்கத் திட்டங்கள் அந்த ஆசிரியையை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பின் தமிழ்நாட்டில் மாணவிகளுக்கு இலவச சைக்கிள் வந்தது: பள்ளிக்குப் போக. 2006இல் பீகாரில் வந்தது: அதுவும் பள்ளிக்கு. 2018இல் தமிழ்நாட்டில் ஸ்கூட்டர் மானியம் வந்தது: வேலைக்குப் போகும் பெண்களுக்கு மட்டும், 25,000 ரூபாய் வரை. இவற்றால் படித்தவர்கள், சம்பாதித்தவர்கள் எத்தனையோ பேர். குறை சொல்ல எனக்கு வாய் வராது. இருந்தாலும் சீட்டைப் படித்துப் பாருங்கள். பள்ளி, வேலை. பள்ளி முடிந்ததும் அந்த சைக்கிள் பெரும்பாலும் தம்பியிடம் போய்விடுகிறது அல்லது கொல்லையில் துருப்பிடிக்கிறது. நான் குரங்கு பெடல் போட்டுக் கற்றுக்கொண்டது பக்கத்து வீட்டுத் தாத்தாவின் சைக்கிளில். வயதுக்கு வந்த வாரமே அது நின்றது. மறுபடி எனக்குச் சைக்கிள் கிடைத்தது டைப்ரைட்டிங் வகுப்பு என்று ஒரு காரணம் கிடைத்த பிறகுதான்.

பாதையைப் பற்றியும் பேச வேண்டும். காரைக்கால் புதுச்சேரி ஆட்சிப் பகுதி என்பதால் மது விலை குறைவு. எல்லைக்கு அப்பாலிருந்து குடிக்க வருகிறவர்களின் பைக்குகள் சாயங்காலச் சாலையில் எப்படிப் போகும் என்று இங்குள்ள பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சனிக்கிழமையானால் திருநள்ளாற்றுக்கு வரும் வேன்களும் கார்களும் சேர்ந்துகொள்ளும். நிலம் சமமாக இருந்து என்ன பயன்?

ஜெர்மனியின் மேற்கே ஐஃபல் என்றொரு மலைப்பகுதி இருக்கிறது. எரிமலைகள் வெடித்த பூமி. அங்கே கடைசி வெடிப்பு சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்பு. வெடித்த குழிகளில் தண்ணீர் தேங்கி வட்ட வட்டமான ஏரிகளாக நிற்கின்றன. அவற்றை மார் என்கிறார்கள். நம் ஊர்க்காரர் பார்த்தால் சைக்கிளா, இங்கேயா என்பார். ஆனால் டவுன் என்ற ஊரிலிருந்து மோசல் ஆற்றங்கரை வரை சுமார் 55 கிலோமீட்டருக்கு மேல் ஒரு சைக்கிள் பாதை போகிறது. காரும் லாரியும் கிடையாது. அதன் பெரும்பகுதி கைவிடப்பட்ட ரயில் பாதை. ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால் அந்தக் காலத்திலேயே மலையைக் குடைந்தும் பாலம் கட்டியும் சரிவைக் குறைத்து வைத்திருந்தார்கள். தண்டவாளத்தை எடுத்துத் தார் போட்டதும், பாட்டியும் பேத்தியும் ஓட்டக்கூடிய வழியாகிவிட்டது. எங்கேயும் போக வேண்டிய அவசியம் இல்லாதவர்களுக்காகவே ஓர் அரசு செலவு செய்து வைத்திருக்கும் பாதை.

எங்களுக்கும் அப்படியொரு பழைய ரயில் தடம் இருந்தது. பேரளத்திலிருந்து அம்பகரத்தூர், திருநள்ளாறு வழியாகக் காரைக்காலுக்கு, பிரெஞ்சு ஆட்சியில் 1898இல் போட்ட பாதை. சுமார் 23 கிலோமீட்டர். 1980களில் ரயில் நின்றது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த மேடு கருவேலம் மண்டிக் கிடந்தது. அந்த நாட்களில் அதைச் சைக்கிளுக்கு விடலாம் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது அகல ரயில் பாதை போட்டுவிட்டார்கள். ரயில் வரட்டும். மாயவரத்துக்கும் திருவாரூருக்கும் படிக்கப் போகும் பெண்களுக்கு அது வேண்டும்.

மிச்சம் இருப்பவை வாய்க்கால் கரைகளும் ஆற்றங்கரைகளும். காரும் லாரியும் அதிகம் வராத மண் பாதைகள், ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல். விளக்கு வேண்டாம், தாரும் வேண்டாம். பைக் நுழையாமல் இரு முனையிலும் கல் ஊன்றி, கரையில் உட்கார்ந்து குடிப்பதை நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது. அரை மணிக்குச் சைக்கிள் வாடகைக்குத் தரும் கடையும் வேண்டும். அது என் கண்ணில் பட்டுப் பல வருடங்கள் ஆகின்றன.

போன தை மாதம், அறுவடை நேரம், நாங்கள் நான்கு பெண்கள் விடிகாலையில் அரசலாற்றுக் கரையோடு மேற்கே கிளம்பினோம். எங்களில் மூத்தவருக்கு 61 வயது. பையில் தண்ணீர் பாட்டிலைத் தவிர வேறெதுவும் இல்லை. வயலோரம் நின்றிருந்த ஒரு பெரியவர் மறித்தார்.

"எங்கம்மா இவ்வளவு காலையில நாலு பேரா? யாரும் தவறிட்டாங்களா?"

"இல்லீங்க ஐயா. சும்மாதான்."

அவர் நம்பவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து அதே வழியாகத் திரும்பினோம். களத்து மேட்டிலிருந்து கையை உயர்த்தி அக்கறையோடு கேட்டார்:

"என்னம்மா, போன காரியம் முடிஞ்சுதா?"