பிளாத்மக்கின் ஒப்பாரி

பழைய ஐரிஷ் கவிதை என்றதும் ஆங்கில இலக்கியம் படித்த நம்மவர்களுக்கு ஞாபகம் வருவது காட்டுக் குடிலில் ஒரு துறவி, கிளையில் ஒரு பறவை, பக்கத்தில் ஒரு பூனை. 1911ல் கூனோ மேயர் வெளியிட்ட மொழிபெயர்ப்புத் தொகுப்பும் அதன் வழிவந்தவர்களும் பழக்கிவிட்ட ருசி இது. பைபிளைப் பாடிய கவிதைகளை மடாலயத்துப் பாடபுத்தகமாக எண்ணி ஒதுக்கிவிடுகிறோம்.

ஓரளவு அதற்கு நியாயமும் உண்டு. பத்தாம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்த 'ஸால்டேர் ந ரான்', சங்கீதங்களின் எண்ணிக்கையை ஒட்டி 150 பாடல்களில் சிருஷ்டியிலிருந்து சொல்லிக்கொண்டே போகிறது. ஆதாம் பிராயச்சித்தமாக யோர்தானில் நிற்க, அவன் வேண்டுதலுக்கு நதி ஓடாமல் நின்றுவிடுகிற இடம் அபாரம். மற்றபடி அதில் கவிஞனைவிடக் கணக்கனே அதிகம். (பாங்கில் பேரேடு எழுதிப் பிழைக்கிற நான் இதைக் குறையாகச் சொல்வது வேடிக்கைதான்.)

பிளாத்மக் விஷயம் வேறு. எட்டாம் நூற்றாண்டுக்காரன், கூ பிரெத்தன் என்பவனின் மகன். மரியாளை விளித்து அவன் எழுதிய இரண்டு நீண்ட கவிதைகள் 17ம் நூற்றாண்டுப் பிரதி ஒன்றில் பிழைத்துக் கிடந்தன. டப்ளின் தேசிய நூலகத்தில் நெஸா நி ஹேயா அவற்றைக் கண்டெடுத்தார். 1964ல் ஜேம்ஸ் கார்னி பதிப்பித்தார். முதல் கவிதை 149 செய்யுள். என்னிடம் வா, உன் பிள்ளைக்காக இருவரும் சேர்ந்து ஒப்பாரி வைப்போம் என்று மரியாளையே அழைக்கிறான்.

சிலுவை மரணத்தை அவன் தன் ஊர்ச் சட்டத்தைக் கொண்டு புரிந்துகொள்கிறான் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பழைய ஐரிஷ் சட்டத்தில் 'ஃபிங்கல்', அதாவது சொந்த ரத்தத்தைக் கொல்வது, தனி ரகம். மற்றக் கொலைகளுக்குக் கொன்றவனின் சுற்றம் செத்தவனின் சுற்றத்துக்கு ஈட்டுத்தொகை கொடுத்துத் தீர்க்கலாம். இரண்டும் ஒரே சுற்றமானால் யார் யாருக்குக் கொடுப்பது? பழிவாங்கப் போனால் அது இன்னொரு ஃபிங்கல். யேசுவுக்கு மனிதத் தகப்பன் கிடையாது. இருந்தது தாய்வழிச் சுற்றம்தான். அவர்களே கொன்றார்கள் என்கிறான் பிளாத்மக். இன்னொன்றும் உண்டு. பிரபுவிடம் மாடுகள் பெற்றுக்கொண்ட குடியானவன் பதிலுக்கு உணவும் உழைப்பும் தரக் கடமைப்பட்டவன். கடவுளிடம் அத்தனையும் பெற்றுக்கொண்டு யூதர்கள் ஒப்பந்தத்தை மீறினார்களாம்.

இங்கேதான் சங்கடம். பிளாத்மக் ஒரு யூதரையாவது கண்ணால் கண்டிருப்பான் என்று நான் நம்பவில்லை. ஐரிஷ் ஆண்டுக்குறிப்புகளில் அவர்கள் முதன்முதலாகத் தலைகாட்டுவது 1079ல்: ஐந்து பேர் கடல் கடந்து மன்னனிடம் பரிசுகளோடு வந்தார்கள், திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவ்வளவுதான் செய்தி. கண்ணால் காணாத ஜனங்களின் மேல் இத்தனை துல்லியமான குற்றப்பத்திரிகை! துக்கத்தின் மென்மையைப் புகழ்ந்துவிட்டு, மற்றதைக் காலத்தின் கோளாறு என்று தள்ளுவது சோம்பேறி விமர்சனம். எந்தப் பிரக்ஞை யேசுவை அவனுக்கு அடுத்த வீட்டுப் பிள்ளை ஆக்கியதோ, அதுவேதான் யூதர்களைக் கூண்டில் ஏற்றுகிறது. இவ்வளவுக்குப் பிறகும் இதைப் பெரிய கவிதை என்றே சொல்வேன். அந்தச் செய்யுள்களையும் தாண்டாமல் படித்துவிட்டுத்தான் சொல்வேன்.

இரண்டாவது கவிதையில் அழுகை அடங்கிவிடுகிறது. மகனின் வெற்றிகளை அவளுக்கே எடுத்துச் சொல்கிறான். பிரதி சிதைந்து, கவிதை பாதியில் நிற்கிறது.