போக்கிமோன் அட்டை வாங்குவோர், விற்போர் கவனத்திற்கு: யார் முதலில் அனுப்புவது?

பள்ளிப் பைக்குள் இருக்கும் போக்கிமோன் அட்டையை விளையாட்டுப் பொருள் என்றே பல பெற்றோர் நினைக்கின்றனர். அதே அட்டை முகநூல், புலனக் குழுக்களில் சில வெள்ளியிலிருந்து ஆயிரக்கணக்கான வெள்ளி வரை கைமாறுகிறது. அட்டைக் கடைகள் பெரும்பாலும் பெருநகரங்களிலேயே இருப்பதால், தோட்டப்புறத்திலும் சிறு பட்டணங்களிலும் வாழும் இளைஞர்கள் இணையத்தையே நம்ப வேண்டியுள்ளது. விற்பவர் ஜொகூர் பாருவில் இருப்பார், வாங்குபவர் சுங்கை சிப்புட்டில் இருப்பார். இருவருக்கும் நடுவே ஒரு படமும் ஒரு வங்கிக் கணக்கு எண்ணும் மட்டுமே உண்டு.

இத்தகைய வியாபாரத்தில் ஒருவர் பணத்தையோ அட்டையையோ அனுப்பிவிட்டு, பதிலுக்கு எதுவும் வராமல் காத்திருக்கும் நேரம் ஒன்று உண்டு. மோசடி நடப்பது அந்த இடைவெளியில்தான். அட்டை சேகரிப்போர் குழுக்களின் விதிகளில் பெரும்பாலானவை அந்த இடைவெளியைக் குறைப்பதற்காகவே ஏற்பட்டவை.

அட்டைக்கு ஏன் இந்த விலை?

போக்கிமோன் அட்டை விளையாட்டு 1996-ஆம் ஆண்டு ஜப்பானில் தொடங்கியது. ஆங்கில அட்டைகள் 1999-இல் வெளிவந்தன. பழைய பதிப்பு, குறைவாக அச்சிடப்பட்ட அட்டை, கீறல் இல்லாத நிலை ஆகியவை விலையைக் கூட்டுகின்றன. அமெரிக்காவில் 1991-இல் தொடங்கிய பி.எஸ்.ஏ. போன்ற நிறுவனங்கள் அட்டையைச் சோதித்து, 1 முதல் 10 வரை தரப்புள்ளி கொடுத்து, வரிசை எண்ணுடன் பிளாஸ்டிக் உறையில் மூடித் தருகின்றன. 10 புள்ளி பெற்ற அட்டை, அதே அட்டையின் 7 புள்ளிப் பிரதியைவிடப் பல மடங்கு விலை போகலாம்.

பெரும் பணம் உள்ளவர்களும் ஏமாந்ததுண்டு. அமெரிக்க யூடியூபர் லோகன் பால், முதல் பதிப்பு போக்கிமோன் அட்டைகள் அடங்கியதாகச் சொல்லப்பட்ட பெட்டியை 35 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கினார். 2022 ஜனவரியில் அதைத் திறந்தபோது உள்ளே இருந்தவை ஜி.ஐ. ஜோ அட்டைகள். அந்தப் பெட்டி ஏற்கெனவே அசல் என்று சான்று பெற்றிருந்தது. பிரிக்காத பெட்டி, சான்றிதழ் என்ற இரண்டு சொற்களை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு இது போதும்.

அதிகம் நடக்கும் ஏமாற்று வேலைகள்

• பணம் பெற்றவுடன் விற்பவர் காணாமல் போவது. சந்தை விலையைவிட மிகக் குறைந்த விலையும், “இன்னொருவர் கேட்கிறார், உடனே பணம் போடுங்கள்” என்ற அவசரமும் இதன் அடையாளங்கள்.

• இன்னும் வெளிவராத அட்டைப் பெட்டிகளுக்கு முன்பதிவுப் பணம் வசூலிப்பது. முதல் ஓரிரு முறை சரியாகக் கொடுத்து நம்பிக்கை வளர்த்துவிட்டு, பெரிய தொகை சேர்ந்ததும் ஓடிவிடுவோர் உண்டு.

• போலிப் பணப் பரிமாற்ற ரசீது. இதில் ஏமாறுபவர் விற்பவர். ரசீதின் படத்தைப் பார்த்து அட்டையை அனுப்பக்கூடாது. தம் வங்கிச் செயலியைத் திறந்து, பணம் கணக்கில் ஏறிவிட்டதா என்று பார்த்த பிறகே அனுப்ப வேண்டும்.

• “கூரியர் கட்டணம்”, “பணம் பெற உறுதி செய்க” என்று இணைப்பு அனுப்புவது, அல்லது செயலி ஒன்றைப் பதிவிறக்கச் சொல்வது. பணம் பெறுவதற்குக் கடவுச்சொல்லோ ஒருமுறைக் கடவு எண்ணோ தேவையில்லை.

• பழைய பாக்கெட்டைப் பிரித்து, மதிப்புள்ள அட்டையை எடுத்துவிட்டு மீண்டும் ஒட்டி விற்பது.

முதலில் அனுப்புவது யார்?

பல குழுக்களில் உள்ள வழக்கம் இதுதான்: நற்பெயர் குறைவாக உள்ளவர் முதலில் அனுப்ப வேண்டும். பல ஆண்டுகள் வியாபாரம் செய்தவருக்கு இழக்க ஒரு பெயர் உண்டு. நேற்று கணக்குத் திறந்தவருக்கு அது இல்லை. ஆனால் ‘வவுச்’ எனப்படும் நற்சான்றுகளையும் போலியாக உருவாக்க முடியும். ஆகவே முன்பு வாங்கிய இருவரைத் தாமே தொடர்பு கொண்டு கேட்பது நல்லது. நெடுநாள் அமைதியாக இருந்த கணக்கு திடீரென்று விலையுயர்ந்த அட்டைகளை விற்கத் தொடங்கினால், அது திருடப்பட்ட கணக்காகவும் இருக்கலாம்.

இரு தரப்பும் தயங்கினால், குழு நிர்வாகி ஏற்றுக்கொண்ட இடைத்தரகர் பணத்தையும் அட்டையையும் பெற்று, சரிபார்த்து மாற்றிக் கொடுப்பதுண்டு. மோசடிக்காரர்கள் அந்த இடைத்தரகரின் பெயரையும் படத்தையும் வைத்துப் போலிக் கணக்கு திறப்பார்கள். எதிர்த்தரப்பு அனுப்பும் எண்ணை நம்பாமல், நிர்வாகியின் பட்டியலில் உள்ள கணக்கின் வழியாகவே அவரைத் தொடர்பு கொள்ள வேண்டும்.

பணம் அனுப்பும் முன் மேலும் சில:

• அட்டைக்குப் பக்கத்தில் விற்பவரின் பெயரும் அன்றைய தேதியும் கையால் எழுதிய தாளை வைத்துப் புதிய படமோ காணொளியோ கேட்கவும். இரவல் படத்தை வைத்து விற்பவர் இங்கே மாட்டுவார்.

• அரச மலேசிய போலீஸ் படையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் சோதிக்கவும். புகார் இல்லை என்று வந்தால் அது நற்சான்று ஆகாது. இதுவரை யாரும் புகார் செய்யவில்லை என்பதே பொருள்.

• ஷாப்பி போன்ற தளங்கள், வாங்குபவர் பொருளைப் பெறும்வரை பணத்தைப் பிடித்து வைக்கின்றன. “வெளியே வாங்கினால் மலிவு” என்று அழைப்பவரை நம்ப வேண்டாம். பேபாலில் நண்பர், குடும்பத்தாருக்கு அனுப்பும் முறையில் பணம் போட்டால் வாங்குபவருக்கான பாதுகாப்பு கிடையாது.

• முடிந்தால் பேரங்காடியிலோ அட்டைக் கடையிலோ நேரில் சந்திக்கவும். அஞ்சலில் வந்தால், பொட்டலத்தின் முகவரி தெரியும்படி தொடங்கி, பிரித்து முடிக்கும் வரை இடைவெட்டு இல்லாமல் காணொளி எடுக்கவும்.

அசலா, போலியா?

அசல் போக்கிமோன் அட்டை ஏறத்தாழ 63 மில்லிமீட்டர் அகலமும் 88 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. சந்தேகமுள்ள அட்டையை, அசல் என்று உறுதியாகத் தெரிந்த அதே வகை அட்டையுடன் ஒப்பிடுவதே எளிய வழி. எழுத்துரு, எழுத்துப்பிழை, பின்புற நீலத்தின் நிறம், மேற்பரப்பின் சொரசொரப்பு ஆகியவற்றைப் பார்க்கலாம். இரண்டையும் கைவிளக்கின் முன் பிடித்தால், பல போலிகளில் வெளிச்சம் கூடுதலாக ஊடுருவும். உறையிட்ட அட்டையாக இருந்தால், அதன் வரிசை எண்ணைத் தர நிறுவனத்தின் தளத்தில் தேடி, பெயர், ஆண்டு, புள்ளி மூன்றும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். அசல் எண்ணை அச்சிட்ட போலி உறைகளும் உள்ளன என்பதால், தளத்தில் படம் இருந்தால் அதையும் ஒப்பிட வேண்டும்.

பிள்ளைகள் விஷயத்தில்

விலை தெரிந்த பெரியவர், விலை தெரியாத சிறுவனிடமிருந்து நல்ல அட்டையை அற்ப அட்டைக்கு மாற்றிக்கொள்வதும் ஏமாற்றுதான். பெற்றோர் சம்மதம் இல்லாமல் சிறுவர்களுடன் மாற்று வியாபாரம் கூடாது என்ற விதியைக் குழுக்கள் வைப்பது நல்லது. வீட்டில் இன்னொன்றையும் சொல்லி வைக்க வேண்டும்: “உன் கணக்கில் பணம் வரும், எடுத்துக் கொடு, கமிஷன் தருகிறேன்” என்று எவர் கேட்டாலும் வங்கிக் கணக்கையோ அட்டையையோ தரக்கூடாது. கணக்கை இரவல் கொடுப்பவர் மீதும் மலேசியச் சட்டம் பாயும்.

ஏமாந்துவிட்டால்

உடனே வங்கியை அழைக்கவும், அல்லது 997 என்ற எண்ணில் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தை அழைக்கவும். பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் தடுக்க முடிவது விரைவில்தான் இருக்கிறது. சிங்கப்பூரில் இருப்போர் ஆலோசனைக்கு 1799-ஐ அழைக்கலாம். உரையாடல், ரசீது, கணக்கின் முகவரி எல்லாவற்றையும் படமெடுத்துக்கொண்டு போலீஸ் புகார் செய்யவும். தண்டனைச் சட்டத் தொகுப்பின் 420-ஆவது பிரிவின்படி மோசடிக்கு ஓராண்டு முதல் பத்தாண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு, அபராதமும் விதிக்கப்படலாம்.

விற்றவர் வியாபாரியாக இருந்தால், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்திற்குக் கொண்டு செல்லலாம். தனிநபராக இருந்தால், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை முறையில் 5,000 வெள்ளி வரை வழக்கறிஞர் இல்லாமலே கேட்கலாம். “கட்டணம் கொடுத்தால் பணத்தை மீட்டுத் தருகிறோம்” என்று பிறகு வருபவர்கள் இரண்டாவது மோசடிக்காரர்கள்.

“ஐம்பது வெள்ளிதானே, யாராவது சிரிப்பார்கள்” என்று பலர் புகார் செய்யாமல் விட்டுவிடுகின்றனர். செமாக் மியூலில் ஒரு கணக்கு எண் சிக்குவது, அதைப் பற்றி யாரோ புகார் செய்ததால்தான். இன்று புகார் செய்யாமல் விட்ட எண்ணை நாளை இன்னொரு பிள்ளை சோதிக்கும்போது, அது சுத்தமான கணக்காகவே தெரியும்.