ஆளைப் பார்த்து வரையப் பழகுதல்

யுத்தத்தில் உறவுகளை இழந்த வீடுகள் பலவற்றில் சுவரில் இருப்பது ஒரே வகையான படம்தான். அடையாள அட்டைக்கு எடுத்த சிறிய புகைப்படத்தைப் பெரிதாக்கியிருப்பார்கள், அல்லது கட்டம் போட்டு வரைவித்திருப்பார்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் 2017 முதல் வடக்கு கிழக்கில் நடத்திவரும் தொடர் போராட்டங்களில் தாய்மார் ஏந்தி நிற்பதும் இத்தகைய படங்களையே. அவற்றில் முகம் இருக்கிறது. அவர் எந்தக் காலில் பாரம் கொடுத்து நின்றார், எப்படிக் குனிந்து வலையை எடுத்தார் என்பது இல்லை. அதைக் காகிதத்தில் பிடிக்க வேண்டுமானால், ஆள் எதிரே இருக்கும்போதே வரைய வேண்டும். அந்தப் பயிற்சியைப் பற்றியதே இக்கட்டுரை.

நம்மிடம் வந்த வழி

நமது மரபில் மனித உருவம் அளவு நூலிலிருந்து பிறந்தது. ஒரு முக நீளம் ஒரு தாளம், அது 12 அங்குலம். உயர்ந்த தெய்வ வடிவத்துக்குரிய உத்தம தசதாளம் 124 அங்குலம். 1950இல் திருகோணமலையில் கிணறு வெட்டியபோது கிடைத்த கோணேசர் கோயில் செப்புத் திருமேனிகளும் இம்மரபில் வந்தவையே. அங்கே சிற்பிக்கு எதிரில் ஆள் நிற்கத் தேவையில்லை.

ஆளை நிறுத்தி வரையும் முறை கலைப் பள்ளிகளோடு வந்தது. சென்னையில் 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய ஓவியப் பள்ளியே இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. 1929 தொடக்கம் அதை நடத்திய தேவி பிரசாத் ராய் சௌத்ரி இந்தப் பயிற்சியை அங்கு வலுப்படுத்தினார். மெரினா கடற்கரையில் 1959இல் நிறுவப்பட்ட அவரது உழைப்பாளர் சிலையில் பாறையைத் தள்ளும் உடல்கள், உயிருள்ள ஆட்களை மாதிரியாகக் கொண்டு உருவானவை.

யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை 1938இல் வின்சர் ஓவியக் கழகத்தைத் தொடங்கினார். இலங்கையில் சித்திரக் கல்விப் பரிசோதகராக இருந்த சி. எப். வின்சரின் பெயரே அதற்கு இடப்பட்டது. பின்னர் அ. மாற்கு, விடுமுறைக்கால ஓவியர் கழகத்தின் மூலம் இளையோருக்குக் கற்பித்தார். வகுப்பறைக்கு வெளியே, ஒருவரோடொருவர் கூடி வரைந்தே ஒரு தலைமுறை பழகியது.

எப்படித் தொடங்குவது

ஒரு சித்திரக் கொப்பி, 2பி, 6பி பென்சில்கள், கொஞ்சம் கரித்துண்டு போதும். முதல் வாரங்களில் அழிறப்பரைத் தள்ளி வையுங்கள்.

முதலில் அரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடம் வரையான வேகக் கோடுகள். கண், மூக்கு வேண்டாம். தலையிலிருந்து பாரம் தாங்கும் கால் வரை உடல் எப்படி வளைந்து இறங்குகிறது என்பதை மட்டும் பிடியுங்கள். இப்படி இருபது வரைந்த பிறகு, இருபது நிமிடம் அமர்ந்து ஒன்றை வரையலாம்.

அளக்கும்போது முழங்கையை மடக்காமல் கையை நீட்டி, பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடுங்கள். உச்சி முதல் நாடி வரை ஒரு தலை. வளர்ந்தவரின் உயரம் ஏறக்குறைய ஏழு முதல் ஏழரைத் தலை. ஒரு வயதுப் பிள்ளை சுமார் நான்கு தலை. கண்கள் தலையின் சரிபாதியில் உள்ளன. பழகாதவர்கள் அவற்றை நெற்றிக்கு ஏற்றிவிடுவதுதான் பொதுவான பிழை. கையை விரித்து முகத்தில் வைத்துப் பாருங்கள்: நாடியிலிருந்து மயிர் தொடங்கும் இடம் வரை வரும். கையைச் சிறிதாக வரையும் பழக்கம் இதனால் போகும்.

ஒற்றைக் காலில் பாரம் கொடுத்து நிற்பவரின் கழுத்துக்குழியிலிருந்து நேரே கீழே ஒரு கோடு விட்டால், அது பாரம் தாங்கும் பாதத்தின் அருகில் விழும். அந்தப் பக்க இடுப்பு உயரும், தோள் தாழும். இது தவறினால் ஆள் விழுவது போலிருக்கும்.

நிர்வாண மாதிரி நமது ஊரில் வழக்கமில்லை. தொடக்கத்துக்கு அது இல்லாமலும் முடியும். சாரமும் சேலையும் உடலை மறைப்பதைப் போலவே காட்டவும் செய்கின்றன. மடிப்புகள் தோள், இடுப்பு, முழங்கால் ஆகிய இழுபடும் இடங்களிலிருந்தே புறப்படும். அந்த இடங்களை முதலில் தேடுங்கள்.

எங்கே வரையலாம்

கரைவலை இழுப்பவர்கள் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். ஒரு சுற்றில் தவறவிட்டதை அடுத்த சுற்றில் பிடிக்கலாம். மீன் சந்தையில் வெட்டுபவரும், மூதூர்ப் படகுக்குக் காத்திருப்பவரும் நல்ல மாதிரிகள். கடற்படைத் தளத்தையோ காவலரணையோ பார்த்தபடி கொப்பியை விரிக்காதீர்கள். வீண் விசாரணைக்கு இடமாகும். ஆள் கிடைக்காத நாளில் கண்ணாடி இருக்கிறது.

கேட்டு வரைதல்

பல தடவை புகைப்படம் எடுக்கப்பட்டு, பதியப்பட்டு, விசாரிக்கப்பட்ட மக்கள் நாம். ஒருவர் உற்றுப் பார்த்துக் குறிப்பெடுப்பது இன்னும் பலருக்கு அச்சம் தரும். ஆகவே முதலில் கேளுங்கள், வரைந்ததைக் காட்டுங்கள், வேண்டாம் என்றால் நிறுத்துங்கள்.

அவயவம் இழந்தவரை வரையும்போது ஏழரைத் தலைக் கணக்கை அவர்மேல் திணிக்க வேண்டாம். ஊன்றுகோல் பாரம் தாங்கும் ஒரு கோடு. செயற்கைக் கால் உள்ளவரின் இடுப்புச் சாய்வு வேறு. பார்த்ததை அப்படியே வரைவதுதான் மரியாதை.

வர்ணம்

'தோல் நிறம்' என்று விற்கும் வர்ணம் நமது தோலுக்கு உதவாது. எரிந்த சியன்னா, மஞ்சள் ஓக்கர், அல்ட்ராமரின் நீலம் மூன்றையும் கலந்தால் பெரும்பாலான மாநிறங்கள் வரும். நிழலுக்குக் கறுப்பைச் சேர்த்தால் தோல் செத்துவிடும், நீலத்தைக் கூட்டுங்கள். கடற்கரை வெயிலில் மணலின் ஒளி நாடியின் அடியிலும் படும். அதைக் கவனித்தால் முகம் திரளும்.

முறையாகப் படிக்க விரும்புவோருக்கு மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்திரமும் வடிவமைப்பும் துறையும் உள்ளன.

ஜேர்மனிய ஓவியர் கேத்தே கொல்விட்ஸ் 1914 ஒக்டோபரில் தன் மகன் பீட்டரைப் போரில் இழந்தார். அவனுக்கு நினைவுச் சின்னம் செய்ய முயன்று 18 ஆண்டுகள் போயின. 1932இல் பெல்ஜியத்தில் நிறுவப்பட்ட சிற்பத்தில் மகன் இல்லை. மண்டியிட்ட தாயும் தந்தையும் இருக்கிறார்கள். சாயல் அவருடையதும் கணவருடையதும். வாழ்நாளெல்லாம் கண்ணாடி பார்த்துத் தன்னையே வரைந்து பழகிய கை அது. நம் வீடுகளிலும் தாய்மார் முதுமையடைகிறார்கள். அவர்கள் எதிரே இருக்கும்போதே, அவர்கள் சம்மதித்தால், வரையத் தொடங்கலாம்.