கரும்பின் தாய்வழி

செங்கல்பட்டு மாவட்டம் என்றதும் மாணவிகள் வேடந்தாங்கலைச் சொல்வார்கள். சென்னையை ஒட்டிய மதுரவாயலும் முன்பு அம்மாவட்டம்தான். அங்கே சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் ஆய்வுக்களத்தில் முதுமையிலும் வேலை செய்துகொண்டிருந்தார் ஜானகி அம்மாள்.

1897இல் தலசேரியில், தீயர் சமூகத்தில் பிறந்தவர். சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் கற்பித்தார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் முனைவர் பட்டம். 1934இல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையம். நுண்ணோக்கியில் செல்லைப் பார்த்துக் குரோமோசோம்களை எண்ணுவது அவர் வேலை. கலப்பினப் பயிரில் தாய் தந்தது எவ்வளவு, தந்தை தந்தது எவ்வளவு என்பதை அந்த எண்ணிக்கையைக் கொண்டு கணிக்கலாம். கரும்புப் பூவில் மக்காச்சோள மகரந்தத்தைச் சேர்த்துக் கலப்பினம் கண்டார். 1938இல் 'நேச்சர்' இதழில் அது வெளியானது. ஆனால் மணம் செய்துகொள்ளாத, 'கீழ்சாதி'ப் பெண்ணுக்கு ஆண்கள் நிறைந்த அந்த இடம் இணக்கமாக இல்லை.

1939இல் எடின்பரோ மரபியல் மாநாட்டுக்குப் போனவரைப் போர் இங்கிலாந்திலேயே நிறுத்தியது. 1945இல் பயிர்த்தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ் வந்தது. அதை டார்லிங்டனின் நூலாக மட்டும் குறிப்பிடுவோர் இன்றும் உண்டு. அட்டையில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன! அவர் இணையாசிரியர், உதவியாளர் அல்லர்.

நேருவின் அழைப்பில் நாடு திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைத்தார். 1955இல் பிரின்ஸ்டனில், மனிதர் புவியை மாற்றியது குறித்த கருத்தரங்கில் அவர் ஒருவரே பெண். பத்மஸ்ரீ வந்தபோது வயது 80ஐ நெருங்கியிருந்தது. 1984 பிப்ரவரியில் இறக்கும்வரை மதுரவாயல் செடிகளை விடவில்லை.