லைட் போட்டது யாரு?

இன்னைக்கு எபிசோடை ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். நீங்க ஒரு கோடு எழுதுறீங்க, சரியா ஓடுது. ஆனா ரிவ்யூல மாசக்கணக்கா மாட்டிக்குது. அதுக்குள்ள வேற ஒரு டீம் அதே ஐடியாவை ரிலீஸ் பண்ணிடுறாங்க. அப்போ அதை முதல்ல செஞ்சது யாரு?

ஜுவோ ஹுவா பானுக்கு நடந்தது கிட்டத்தட்ட இதுதான். அமெரிக்காவின் டெட்ராய்ட்ல, வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் விழித்திரையை ஆராய்ந்தவர். ஒளியை உணரும் செல்கள் செத்துப்போனா பார்வை போயிடும். ஆனா அதோட இணைஞ்சிருக்கிற மற்ற நரம்பு செல்கள் பல உயிரோடதான் இருக்கும். அதுங்களையே வெளிச்சத்தை உணர வச்சா என்ன? அவரோட யோசனை இதுதான்.

2003-ல் அதுக்கு வழி கிடைச்சது. ஜெர்மனியில் கியோர்க் நாகலும் பீட்டர் ஹெகமனும் ஒரு பாசியில இருக்கிற சேனல்ரோடாப்சின்-2 என்ற புரதத்தைப் பற்றி எழுதினாங்க. நீல வெளிச்சம் பட்டா திறக்கிற கதவுன்னு வச்சுக்கோங்க. கதவு திறந்ததும் அயனிகள் செல்லுக்குள்ள பாயும். ஒரு நரம்பு செல் சிக்னல் அனுப்ப அதுவே போதும்.

2004-ல் பான் அந்த மரபணுவை ஒரு வைரஸ் மூலமா விழித்திரைக்குள்ள அனுப்பினார். வேலை செஞ்சது! அந்த வருஷக் கடைசியில் ‘நேச்சர்’ இதழுக்கு எழுதி அனுப்பினார். ஏத்துக்கல.

அதே 2004-ல் ஸ்டான்ஃபோர்ட்ல மனநல மருத்துவர் கார்ல் டைசராத்தும் எட் பாய்டனும், தட்டுல வளர்த்த நரம்பு செல்கள்ல அதே புரதத்தைப் போட்டுப் பார்த்தாங்க. அவங்க கட்டுரை 2005 ஆகஸ்ட்ல வந்துடுச்சு. பானோட கட்டுரை வந்தது 2006 ஏப்ரல்ல.

இதுல யாரும் யாரையும் காப்பி அடிக்கல. டைசராத் அங்கேயே நிக்கவும் இல்ல. உயிருள்ள விலங்கோட மூளைக்குள்ள இதைக் கொண்டுபோய், மற்ற லேப்களுக்கும் பகிர்ந்து, ஆப்டோஜெனிடிக்ஸ்னு ஒரு துறையே வளரக் காரணமானார். இன்னொண்ணு, 2002-லேயே கெரோ மீசன்பாக், பழ ஈயோட கண் புரதங்களை வச்சு நரம்பு செல்களை வெளிச்சத்தால தூண்டிக் காட்டியிருந்தார். அதனால ‘முதல்’னு ஒரே ஒரு ஆளைக் கைகாட்டறது சுலபம் இல்ல.

ஆனா பரிசுக்கு அந்தக் கவலை கிடையாது. 2016-க்கான பிரேக்த்ரூ பரிசு டைசராத்துக்கும் பாய்டனுக்கும் கிடைச்சது, ஆளுக்கு 30 லட்சம் டாலர். அதில் பான் பெயர் இல்லை.

அதே 2016-ல் டெக்சாஸ்ல, பார்வை இழந்த ஒருத்தர் கண்ணுக்குள்ள அந்தப் பாசியோட மரபணுவை செலுத்தினாங்க. ஆப்டோஜெனிடிக்ஸ் சிகிச்சை மனிதர்கள்ல சோதிக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. அந்தச் சோதனைக்கு அடிப்படை பானோட ஆய்வு.

ஆரம்பத்துல கேட்ட கேள்விக்கு உங்க பதில் என்ன? எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம்.