மாதம் ஒருமுறை வந்த பார்வையாளர்கள்

மும்பையில் மனநோயாளிகளுக்கான இல்லங்களின் வரலாறு, 1826இல் கொலாபாவில் எழுந்த காப்பகம், 1901இல் டாணேயின் நௌபாடாவில் திறக்கப்பட்ட மருத்துவமனை என்று கட்டடங்களின் வரிசையாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரே ஏச்சுச் சொல்லாகிவிட்டது போல மும்பையில் டாணேயும் ஆகிவிட்டது. ஆனால் அந்தச் சுவர்களுக்குள் பராமரிப்பு எப்படி நடந்தது என்று சென்று பார்க்கும் பொறுப்பை யார் ஏற்றார்கள், எதைப் பார்த்தார்கள், யாரைக் கேட்டார்கள் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு.

1858ஆம் ஆண்டின் சட்டம் ஒவ்வொரு காப்பகத்துக்கும் குறைந்தது மூன்று பார்வையாளர்களை, அதாவது உள்ளே சென்று சோதிக்கும் உரிமை பெற்றவர்களை, நியமிக்கச் சொன்னது. அவர்களுள் ஒருவர் மருத்துவ அதிகாரி, சிறைகளின் ஆய்வாளரோ பதவி வழியாகவே பார்வையாளர். 1912ஆம் ஆண்டின் சட்டமும் இதே அமைப்பைத் தொடர்ந்தது. மாதம் ஒருமுறையேனும் இருவர் சேர்ந்து வந்து, காப்பகத்தின் ஒவ்வொரு பகுதியையும் சுற்றிப் பார்த்து, இயன்றவரை ஒவ்வொரு நோயாளியையும் நேரில் கண்டு, புதிதாகச் சேர்க்கப்பட்டோரின் ஆணையையும் மருத்துவச் சான்றையும் சரிபார்த்து, நிர்வாகத்தையும் உள்ளிருப்போரின் நிலையையும் பற்றித் தமக்குத் தோன்றியதை அதற்கென வைத்திருந்த குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்பது விதி. நோயற்ற ஒருவர் முறைகேடாக அடைக்கப்பட்டுவிடக் கூடாது என்ற கவலை ஆணையையும் சான்றையும் சரிபார்க்கச் சொன்னதில் தெளிவாகத் தெரிகிறது. உணவு, உடை, சிகிச்சை ஆகியவற்றை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது என்பதோ பார்வையாளரின் மனப்போக்குக்கே விடப்பட்டது. சிறையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பூட்டிய கதவு குறையாகத் தெரிந்திருக்காது.

இவ்விரு சட்டங்களும் மனநோயாளியையும், பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றியவரையும் ஒரே சொல்லுக்குள் அடக்கின. மும்பையில் இவ்விரு வகையினருக்கான பராமரிப்பு பிரியத் தொடங்கியது 1940களில். 1927இல் தோன்றிய குழந்தைகள் உதவிச் சங்கம், செம்பூரை அடுத்த மான்குர்தில் 1941இல் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கென ஓர் இல்லத்தை நிறுவியது. 1944இல் தொடங்கப்பட்ட ஜெய் வக்கீல் பள்ளி இத்தகைய குழந்தைகளுக்குக் கல்வியைக் கொண்டுவந்தது.

பெரிய மனநல மருத்துவமனைகளில் மாற்றம் மிக மெதுவாகவே வந்தது. 1946இல் வெளிவந்த, போர் (Bhore) என்பவர் தலைமையிலான சுகாதாரக் குழுவின் அறிக்கைக்காக 19 மருத்துவமனைகளின் நிலையை ஆராய்ந்த கர்னல் மூர் டெய்லர், அவற்றுள் பல நோயைக் குணப்படுத்துவதற்கன்றி ஆளை அடைத்துவைப்பதற்கே கட்டப்பட்டவை என்று கண்டார். அரை நூற்றாண்டுக்குப் பின், 1999இல், தேசிய மனித உரிமை ஆணையமும் பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனமும் நாட்டின் 37 மருத்துவமனைகளை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையிலும் சிறை போன்ற அமைப்புகளும், கட்டில் போதாமல் தரையில் படுத்திருந்த நோயாளிகளும் இடம்பெற்றது வேதனையான செய்தி. இத்தனைக்கும் 1993இல் நடைமுறைக்கு வந்த 1987ஆம் ஆண்டின் சட்டம் பார்வையாளர்களைக் குறைந்தது ஐவராக்கி, சமூகப் பணியாளர் இருவரைச் சேர்த்திருந்தது. பெரிய மருத்துவமனைகளுக்கு வெளியேயும் நிலை மோசமாகவே இருந்தது: 2001 ஆகஸ்ட் 6 அன்று தமிழ்நாட்டின் ஏர்வாடியில், தனியார் இல்லம் ஒன்றில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் தீயில் சிக்க, 28 பேர் மாண்டனர்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் பார்க்க வேண்டியவற்றையே மாற்றி எழுதியது. கட்டாய மொட்டை கூடாது, விரும்பினால் சொந்த உடையை உடுத்தலாம், சீருடையைத் திணிக்கலாகாது, சங்கிலி அறவே கூடாது என்ற விதிகள் ஆய்வாளரின் கண்ணைச் சுவரிலிருந்து மனிதரின் தலைமுடிக்கும் உடைக்கும் கொண்டுவந்தன. மூன்றாண்டுக்கு ஒருமுறை நடக்க வேண்டிய தணிக்கையில் உள்ளூர்ச் சமூகத்தின் பிரதிநிதிகளுக்கு இடமுண்டு. நோயாளியின் முறையீட்டைக் கேட்கும் மறுஆய்வு வாரியத்தில் மனநோயை அனுபவித்தவரே உறுப்பினராகலாம். நோயாளியின் முகத்தை வரிசையில் பார்த்துச் சென்ற மரபில், அவரையே நீதி சொல்லும் இருக்கையில் அமர்த்த வழிசெய்தது பெரிய திருப்பம்.

இச்சட்டம் மனநோய்க்கு வகுத்த வரையறை அறிவு வளர்ச்சிக் குறைபாட்டை வெளியே நிறுத்திவிட்டது. டாணேயில் இருக்கும் நோயாளி தன் உடைக்காக வாரியத்தை நாடலாம். மனநோய் இல்லாமல் வளர்ச்சிக் குறைபாடு மட்டும் உள்ளவர் எந்த இல்லத்தில் வாழ்ந்தாலும் அந்த வாரியத்தின் கதவு அவருக்குத் திறப்பதில்லை. அவருக்கு வேறு சட்டங்கள், வேறு குழுக்கள். வாய்பேசாத ஒருவரிடம் அவரது இல்லத்தைப் பற்றிக் கேட்டறியும் முறையை அவை இன்னும் உருவாக்க வேண்டியிருக்கிறது.